குழந்தை எந்த வயதில் போனி சவாரிப் பயிற்சியைத் தொடங்கலாம்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமை காலையில் நடக்கும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும்போது மற்ற அம்மா அப்பாக்கள் என்னிடம் கேட்டவைதான் இந்தக் கேள்விகள். என் மகள் ஐந்து வருடமாகப் போனி (மட்டக்குதிரை) சவாரி கற்கிறாள். நான் பயிற்சியாளர் இல்லை. ஆனால் இந்த ஐந்து வருடமும் வாரம் தவறாமல் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன், பயிற்சியாளர்களிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். பிரிட்டனில் நடைமுறை என்ன என்பதைத்தான் எழுதுகிறேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் சட்டம், உரிமம் பற்றிய பகுதிகளை மட்டும் தங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உடம்பும் போனியின் குணமும் எங்கேயும் ஒன்றுதான்.

ஒரே வரியில் சொல்லுங்கள், எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

ஒருவர் கயிறு பிடித்துக் கூடவே நடக்க, போனி மேல் உட்கார்ந்து கற்பதற்கு 4 வயது. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து, கடிவாளத்தைத் தானே பிடித்து, சொல்வதைக் கேட்டு ஓட்டுவதற்கு 6 அல்லது 7 வயது. போனியைத் தடவ, தூரிகையால் தேய்த்துவிட, தண்ணீர் வாளி தூக்க வயது எதுவும் இல்லை. நடக்கத் தெரிந்து, பெரியவர் கையைப் பிடித்திருந்தால் போதும்.

பிரிட்டனில் பல சவாரிப் பள்ளிகள் 4 வயதிலிருந்து எடுக்கின்றன. சில இடங்களில் 5, சில இடங்களில் 6. பள்ளியின் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்கிறது, சிறிய போனிகள் எத்தனை இருக்கின்றன, கூட நடக்க ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்து இது மாறும். நாடு முழுக்க ஒரே வயது வரம்பு என்று எதுவும் கிடையாது.

நான்குக்கு முன்னால் ஏற்றவே கூடாதா? இங்கிலாந்து ராணி மூன்று வயதிலேயே ஆரம்பித்தாராமே?

ஆமாம், இரண்டாம் எலிசபெத்துக்கு மூன்று வயதில் முதல் பாடம். நான்கு வயதில் அவருடைய தாத்தா ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெக்கி என்ற ஷெட்லாண்ட் போனியைப் பரிசாகக் கொடுத்தார். அரண்மனை லாயத்தில் ஒரு குழந்தைக்காக எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்று வயதுக் குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, கழுத்துத் தசையோ இன்னும் பலமில்லாதது. அதன் மேல் ஹெல்மெட் எடையும் சேர்கிறது. போனி திடீரென்று நின்றால் தலைதான் முதலில் முன்னால் போகும். இன்னொன்று, மிகச் சின்னத் தலைகளுக்குச் சரியாகப் பொருந்தும் சவாரி ஹெல்மெட் கிடைப்பதே சிரமம். பொருந்தாத ஹெல்மெட்டைப் போட்டு ஏற்றுவதைவிட ஏற்றாமல் இருப்பதே மேல்.

அப்புறம், கவனம். மூன்று வயதில் குழந்தை சேணத்தில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். "முதுகை நிமிர்த்து, குதிகாலைக் கீழே இறக்கு" என்று இரண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொன்னால் இரண்டையும் செய்ய முடிவது ஏறக்குறைய நான்கில்தான் வருகிறது. அதற்கு முன்னால் நீங்கள் கொடுக்கும் காசு புகைப்படத்துக்கானது. புகைப்படம் வேண்டும் என்றால் அதில் தப்பே இல்லை, ஐந்து நிமிடம் ஏற்றி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, இறக்கிவிடுங்கள். அதைப் பயிற்சி என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரையில் இரண்டு வயதிலேயே ஏற்றியிருக்கிறோமே, அது என்ன கணக்கு?

அங்கே குதிரைக்காரர்தான் சவாரி செய்கிறார், குழந்தை பாரம் மட்டுமே. அந்தக் குதிரைகள் நாள் முழுக்க அதே வழியில் போய் வருபவை, வழி அவற்றுக்கு மனப்பாடம். பயிற்சி என்றால் குழந்தை சொல்வதைப் போனி கேட்க வேண்டும், போனி சொல்வதைக் குழந்தை கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டு போன பிள்ளை பயிற்சித் திடலில் முதல் நாளே அழுதால் ஆச்சரியப்படாதீர்கள்.

வயது சரி. என் பிள்ளை தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிறந்த தேதியை விட இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். நான் பார்ப்பது இவற்றை: "நில்" என்று ஒரு முறை சொன்னால் பிள்ளை நிற்கிறதா? பயந்தால் கத்திக்கொண்டு ஓடுகிறதா, இல்லை உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறதா? அம்மா பத்து மீட்டர் தள்ளி நின்றால், தெரியாத பெரியவர் சொல்வதைக் கேட்கிறதா? இருபது நிமிடம் ஒரே வேலையில் இருக்க முடிகிறதா? கழிவறைக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிகிறதா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். வகுப்பு பாதியில் நின்றுபோவதற்கு நான் பார்த்த முதல் காரணம் அதுதான்.

உடம்பைப் பொறுத்தவரை, மூன்று சக்கர சைக்கிளையோ பாலன்ஸ் பைக்கையோ தடுமாறாமல் ஓட்டும் பிள்ளைக்கு இடுப்பில் சமநிலை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நான்கு வயதில் தயாராக இருக்கும் பிள்ளைகளும் உண்டு, ஏழு வயதிலும் தயாராகாத பிள்ளைகளும் உண்டு. ஏழில் தயாராகாத பிள்ளை பத்து வயதில் நன்றாக ஓட்டுவதையும் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் தொடங்கினால்தான் வரும் என்ற அவசரம் இந்தக் கலைக்கு வேண்டாம்.

போனி என்றால் குதிரைக் குட்டிதானே?

இல்லை. போனி முழுதாக வளர்ந்த, உயரம் குறைந்த குதிரை. தமிழில் மட்டக்குதிரை என்று அழகான சொல் இருக்கிறது. தோளின் உச்சியில் அளந்தால் 148 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பிரிட்டனில் 'ஹேண்ட்' என்று கைக்கணக்கில் சொல்வார்கள், ஒரு கை என்பது 4 அங்குலம். யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவைச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐரோப்பியர் காலத்தில் வந்து தங்கிவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே வெட்டவெளியில் மேய்கின்றன.

சின்னப் பிள்ளைக்குச் சின்னப் போனி, அப்படித்தானே?

பாதி சரி. உயரத்தைவிட அகலத்தைப் பாருங்கள். ஷெட்லாண்ட் போனி 107 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும், ஆனால் பலவற்றுக்கு வயிறு பீப்பாய் மாதிரி. நான்கு வயதுக் குழந்தை அதன்மேல் உட்கார்ந்தால் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து மேஜைமேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். குதிகால் கீழே இறங்காது, இடுப்பு வலிக்கும், குழந்தை பிடிமானமே இல்லாமல் மேலே மிதக்கும். கொஞ்சம் உயரமாக இருந்தாலும் உடல் ஒடுங்கிய வெல்ஷ் போனி, 122 சென்டிமீட்டர் வரை வளரும் 'செக்‌ஷன் ஏ' வகை, பல சமயம் குழந்தைக்கு வசதியாக இருக்கும். ஷெட்லாண்டிலும் ஒல்லியானவை உண்டு. நல்ல பள்ளியில் பிள்ளையின் காலைப் பார்த்துத்தான் போனியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஷெட்லாண்ட் போனி ஏன் இவ்வளவு திரண்ட உடம்போடு இருக்கிறது என்றால், அது பாரம் இழுத்த இனம். 1842-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலை செய்யக்கூடாது என்றது. அதுவரை குழந்தைகள் இழுத்த வண்டிகளை இழுக்க ஷெட்லாண்ட் போனிகளுக்குத் தேவை பெருகியது. என் மகள் அந்தப் போனியின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் போவதில்லை.

வயதைப் பொறுத்தவரை நேர்மாறாகப் பாருங்கள். குழந்தை சிறியது என்றால் போனி வயதானதாக இருக்கட்டும். பதினைந்து, இருபது வயதுப் போனி எதையும் பார்த்துப் பழகியிருக்கும், பிளாஸ்டிக் பை பறந்தாலும் காதை மட்டும் அசைக்கும். "பிள்ளையும் போனியும் ஒன்றாக வளரட்டும்" என்று இளம் போனியை வாங்கிக் கொடுப்பது கேட்க இனிமையாக இருக்கிறது, நடைமுறையில் இரண்டுக்கும் அது அநியாயம்.

முதல் வகுப்பில் என்ன செய்வார்கள்?

பெரும்பாலும் அரை மணி நேரம், அதில் பத்து நிமிடம் தரையிலேயே போகும். போனியின் தோள் பக்கமாக வர வேண்டும், பின்னால் நேராகப் போய் நிற்கக்கூடாது, உணவு கொடுத்தால் உள்ளங்கையைத் தட்டையாக விரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு படிமேடையிலிருந்து ஏற்றுவார்கள். ஒருவர் முன்னால் கயிறு பிடிப்பார். மிகச் சின்னப் பிள்ளை என்றால் இன்னொருவர் பக்கவாட்டில் முழங்காலைப் பிடித்தபடி நடப்பார். போனியின் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை கட்டியிருக்கும், குழந்தை அதைத்தான் பிடிக்க வேண்டும். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினால் போனியின் வாய் வலிக்கும்.

அப்புறம் விளையாட்டுதான். காதைத் தொடு, வாலைத் தொடு, ஒரு கையை ஆகாயத்துக்குத் தூக்கு, கண்ணை மூடு. பார்க்கும் பெற்றோருக்கு "இதற்கா இவ்வளவு காசு?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சமநிலை இப்படித்தான் உடம்புக்குள் இறங்குகிறது.

கயிற்றை எப்போது கழற்றுவார்கள்?

பொறுமை வேண்டிய இடம் இது. வாரம் ஒரு முறை போகும் பிள்ளைக்கு ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாம்.

குதிரையின் நடைகளைத் தாளமாகக் கேட்டால் காரணம் புரியும். சாதாரண நடை நான்கு தட்டு: தகதிமி, தகதிமி. உட்கார்ந்திருப்பது சுலபம். அடுத்தது 'ட்ராட்', இரண்டு தட்டு: தக, தக. மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும், சேணம் குழந்தையை மேலே தூக்கித் தூக்கிப் போடும். அந்தத் தாளத்தோடு சேர்ந்து எழுந்து உட்காரக் கற்க வேண்டும். மூன்றாவது 'கேன்டர்', மூன்று தட்டு: தகிட, தகிட. ட்ராட்டில் எழுந்து உட்காரும்போது கை அசையாமல் இருக்க வேண்டும். காலும் கையும் வேறு வேறு வேலை செய்வது ஆறு, ஏழு வயதில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கைகூடுகிறது. குழு வகுப்புக்கு அந்த வயதைச் சொல்வதற்கு இதுவே காரணம். எங்கள் வீட்டில் மிருதங்கம் கற்கும் பெரியவன் "தக தக" என்று தட்டிக் காட்டினான், தங்கை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

நல்ல பள்ளி என்று எதை வைத்து நம்புவது?

முதலில் காகிதம். இங்கிலாந்தில் சவாரிப் பள்ளி நடத்த உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும். 2018 விதிகளின்படி ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திர மதிப்பும் அந்த உரிமத்தில் இருக்கும். அதை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். குதிரை நலனுக்கும் சவாரிப் பயிற்சிக்குமான அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி அங்கீகரித்த இடமா, பயிற்சியாளருக்கு என்ன தகுதி, முதலுதவிப் பயிற்சி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

காகிதத்துக்குப் பிறகு உங்கள் கண். ஒரு சனிக்கிழமை சும்மா போய் நில்லுங்கள். ஏற்றுவதற்கு முன், சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்றுப்பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களா, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்கிறார்களா? சின்னப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் நடக்கிறாரா? போனிகள் காதை மடக்கிப் பல்லைக் காட்டுகின்றனவா, அமைதியாக இருக்கின்றனவா?

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. மகளுக்கு மூன்றரை வயதில் ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனோம், "மூன்றிலிருந்தே எடுப்போம்" என்றார்கள். ஒரே பெண் இரண்டு கையிலும் இரண்டு போனிகளைப் பிடித்து நடந்தாள். வயிற்றுப்பட்டையை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. முன்னால் போன போனி சட்டென்று நின்றது, என் மகளின் போனி ஒதுங்கியது, சேணம் பக்கவாட்டில் சரிந்தது. நான் வேலியைத் தாண்டி ஓடிப் பிடித்தேன். அடி எதுவும் படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் குதிரைப் படம் போட்ட புத்தகத்தைக்கூட அவள் திறக்கவில்லை. அந்த ஒரு வருடத்துக்கு நான் பொறுப்பு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஏற்றினேன்.

போனி கிளப் என்று சொல்கிறார்களே, அதில் சேரச் சொந்தப் போனி வேண்டுமா?

வேண்டாம். போனி கிளப் பிரிட்டனில் 1929-ல் தொடங்கிய இளையோர் அமைப்பு. 25 வயது வரை உறுப்பினராக இருக்கலாம். சொந்தப் போனி உள்ளவர்கள் ஊர்க் கிளையில் சேர்வார்கள். இல்லாதவர்கள், அதாவது நம்மில் கிட்டத்தட்ட எல்லோரும், போனி கிளப் மையமாகப் பதிவு செய்த சவாரிப் பள்ளி வழியாகச் சேரலாம், அங்குள்ள போனிகளிலேயே கற்கலாம்.

தேர்வுகள் 'ஈ'யில் தொடங்கி டி, டி பிளஸ், சி என்று ஏறி 'ஏ' வரை போகும். சவாரியைப் போலவே போனியைக் கவனிப்பதற்கும் மதிப்பெண் இருக்கிறது. குளம்பைச் சுத்தம் செய்வது, போனியின் உடல் உறுப்புகளின் பெயர், எந்தச் செடி விஷம் என்பதற்கெல்லாம் சின்னச் சின்னத் துணி பேட்ஜ்கள் உண்டு. நான்கைந்து வயதுப் பிள்ளைகள் அதற்காகவே உயிரை விடுவார்கள். விடுமுறையில் ஒரு நாள் முழுக்க ஒரு போனியைப் பிள்ளையிடம் ஒப்படைத்துத் தேய்க்க, தீவனம் போட, ஓட்ட விடும் நிகழ்ச்சிகளைப் பல பள்ளிகள் நடத்துகின்றன. பத்து வகுப்பில் வராத நெருக்கம் அந்த ஒரே நாளில் வரும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஆரம்பத்தில் எதுவுமே வாங்காதீர்கள். ஹெல்மெட்டைப் பள்ளியிலேயே கொடுப்பார்கள். தையல் உறுத்தாத லெகின்ஸ், முழுக்கைச் சட்டை, சிறிய குதிகால் உள்ள, அடிப்பாகம் வழுவழுப்பான காலணி போதும். குதிகால் இல்லாத ஸ்போர்ட்ஸ் ஷூ அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) நுழைந்து மாட்டிக்கொள்ளும், அதைப் போடக்கூடாது.

பிள்ளை தொடரப் போகிறது என்று தெரிந்ததும் முதலில் ஹெல்மெட்டைப் புதிதாக வாங்குங்கள், கடையில் அளந்து. பாஸ் 015 (PAS 015) போன்ற நடப்புத் தரக் குறியீடு உள்ளே இருக்க வேண்டும். பழையதை வாங்க வேண்டாம், உள்ளே நசுங்கியிருந்தால் வெளியே தெரியாது. சரியாகப் பொருந்தினால் ஹெல்மெட்டை அசைக்கும்போது நெற்றித் தோலும் சேர்ந்து அசையும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சாலையில் குதிரை மேல் போனால் ஹெல்மெட் அணிவது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். தலைப்பாகை அணியும் சீக்கியப் பிள்ளைகளுக்கு அதில் விலக்கு உண்டு. உடல் கவசம் வாங்கினால் பீட்டா (BETA) லெவல் 3 என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் வீடுகளுக்கென்று தனியாக மூன்று விஷயம். சவாரி நாளில் தலைக்கு எண்ணெய் வேண்டாம், ஹெல்மெட் வழுக்கும். பின்னலைக் கழுத்தோரம் தாழ்வாகக் கட்டுங்கள், உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. கொலுசு, வளையல், தொங்கும் தோடு, சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

விழுந்துவிட்டால்?

நீண்ட நாள் ஓட்டினால் என்றைக்காவது விழும். அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. குறைக்க வழிகள் இருக்கின்றன. சிறு பிள்ளைகளின் அங்கவடியில் வெளிப்பக்கம் இரும்புக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையம் இருக்கும், கால் மாட்டினால் அது கழன்றுவிடும். நின்ற போனியிலிருந்து இரண்டு காலையும் உருவிக்கொண்டு குதித்து இறங்கும் பயிற்சியை ஆரம்பத்திலேயே கொடுப்பார்கள்.

தலையில் அடிபட்ட பிறகு குழந்தை வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, தலைவலி அதிகமானாலோ உடனே மருத்துவமனை. "மறுபடி ஏறினால்தான் பயம் போகும்" என்று யார் சொன்னாலும் தலையில் அடி என்றால் அன்றைக்கு ஏற்ற வேண்டாம். அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

ஆஸ்துமா, ஒவ்வாமை இருக்கிறது. அனுப்பலாமா?

வைக்கோல் தூசும் குதிரையின் பொடுகும் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு முதலில் பத்து நிமிடம் லாயத்தில் நிறுத்திப் பாருங்கள். இன்ஹேலர் பையில் இருக்கட்டும், பயிற்சியாளருக்கும் அது தெரியட்டும். குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும், எனவே 3 வயது 4 மாதத்தில் போடும் தடுப்பூசி விட்டுப்போகவில்லையா என்று சரிபாருங்கள். வெளியே வந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவிய பிறகே சாப்பாடு.

ஆட்டிசமோ உடல் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு?

தயங்காமல் விசாரியுங்கள். 'ரைடிங் ஃபார் த டிஸேபிள்ட்' என்ற அமைப்பு 1969 முதல் நாடெங்கும் குழுக்களாக இதற்கென்றே இயங்குகிறது. சாய்தளம், தூக்கி அமர்த்தும் கருவி, பழகிய தொண்டர்கள் எல்லாம் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கலாம், அதனால் ஏற்றும் முன் மருத்துவர் பார்த்தாக வேண்டும். பேசாத பிள்ளை போனியிடம் "நட" என்று முதல் சொல் சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

செலவு?

இடத்தைப் பொறுத்து அரை மணிக்கு ஏறக்குறைய 20 முதல் 40 பவுண்டு. தனி வகுப்பு கூடுதல், குழு வகுப்பு குறைவு. கட்டுப்படியாகவில்லை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனாலும் நான்கு வயதுக்குப் போதும்.

போட்டிகளில் எப்போது கலந்துகொள்ளலாம்?

கயிறு பிடித்த பிள்ளைகளுக்கென்றே ஊர்க் கண்காட்சிகளில் தனிப் பிரிவு இருக்கிறது, ரிப்பனும் கிடைக்கும். சர்வதேச அளவில் போனிப் போட்டிகள் 12 முதல் 16 வயதுக்கானவை, ஆகவே ஐந்து வயதில் யாரும் பின்தங்கிவிடவில்லை.

ஆசையாகச் சேர்ந்தாள், இப்போது ஏற மாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?

ஏற்றாதீர்கள், ஆனால் லாயத்துக்குப் போவதை நிறுத்தாதீர்கள். அந்தப் பண்ணைச் சம்பவம் நடந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து வேறொரு பள்ளிப் பயிற்சியாளர் எங்களிடம் சொன்ன வழி இது. மூன்று மாதம் என் மகள் போனி மேல் ஏறவே இல்லை. தூரிகை பிடித்தாள், வாளி தூக்கினாள், கயிற்றைப் பிடித்து அதைத் திடலைச் சுற்றி நடத்திக்கொண்டு போனாள். தான் நின்றால் அதுவும் நிற்கிறது என்று ஒரு நாள் கண்டுபிடித்தாள், அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். அடுத்த வாரம் படிமேடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இன்றைக்கு ஏறட்டுமா?" என்று அவளே கேட்டாள்.